ஐஸ் குளிராத கேதீஸ்வரி

கேதீஸ்வரியை நான் முதன்முதலில் கண்டபோது அவர் மகப்பேற்று வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், இரண்டு பெருவிரல்களையும் உள்ளங்கைக்குள் மடித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கைக்குள் பிடித்த சின்ன உயிர் எதுவோ தப்பிப் போகாமல் காப்பவர்போல இருந்தது. வயது முப்பத்துமூன்று. மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்குச் சிசேரியன் என்று குறித்திருந்தார்கள். நான் மயக்கமருந்துப் பிரிவில் சேர்ந்து ஏழு மாதமே ஆன வைத்தியன். ஓர் ஆய்வில் சேர அவருடைய சம்மதத்தைக் கேட்டு எழுதி வாங்கப் போயிருந்தேன்.

ஆய்வு எங்கள் பிரிவின் தலைவர் டொக்டர் றுமைஸாவுடையது. சிசேரியனுக்குத் திகதி குறித்து வரும் தாய்மாரின் முதுகில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே உடம்பை மரத்துப்போகச் செய்யும் விறைப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். மருந்து இரண்டு. நெடுங்காலமாகப் பாவிக்கும் புபிவக்கேன் ஒன்று. பின்னால் வந்த ரொபிவக்கேன் மற்றது. எது சீக்கிரம் விறைக்கிறது, எது கால்களைச் சீக்கிரம் விறைப்பிலிருந்து விடுகிறது என்று பார்க்க வேண்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். எங்களுக்கு வரும் ஊசிக்குழலில் இலக்கம் மட்டும்தான் எழுதியிருக்கும். கேதீஸ்வரியின் இலக்கம் இருபத்திரண்டு.

“ரெண்டுல எது டொக்டர் நல்லது?”

“தெரியாது. அதத்தான் பாக்கிறம்.”

“தெரியாமலா போடுறீங்க?”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் போர்வைக்குள் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. “ரெண்டும் நல்ல மருந்துதான். எது இன்னும் நல்லதெண்டுதான்…” என்று இழுத்தேன்.

“நண்டும் அப்படித்தான்” என்றார் கேதீஸ்வரி. “ரெண்டும் உசிரோடதான் வரும். பெட்டிக்க போட்டாப் பிறகுதான் தெரியும், எது நிண்டு பிடிக்குமெண்டு.”

அவர் நண்டு வேலைக்காரி. கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வழியில் வாவிக்கரையை ஒட்டி வீடு. கணவர் ரதீஸ் வாவியில் வலை போடுகிறவர். கேதீஸ்வரி பதினொரு வருடமாக நண்டு வாங்கி அனுப்பும் இடமொன்றில் பெட்டி கட்டுகிறார். றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டியின் அடியில் ஒரு படை ஐஸ், அதன்மேல் நண்டு, மறுபடியும் ஐஸ். காலை ஆறிலிருந்து பகல் இரண்டு மணிவரைக்கும் கை ஐசுக்குள்தான். கையுறை போட்டால் நண்டின் கால் முறிந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியாதாம். அதனால் வெறுங்கை.

“அதுக்குத்தானா பெருவிரல…?” என்று கேட்டேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். மடித்திருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்ததுபோல் விரித்தார். நகங்களைச் சுற்றித் தோல் வெளிறி வெடித்திருந்தது.

“ஐசுக்க நிண்டா முதல்ல சாகிற இதுதான். ஒரு பெட்டிக்கும் மத்தப் பெட்டிக்கும் இடையில இப்பிடி மடிச்சு வச்சா உசிர் வரும். எங்கட பொண்டுகள் எல்லாரும் இப்பிடித்தான். கோயில்ல கும்பிடக்குள்ளயும் பாருங்க, நண்டுக்காரிகள்ற பெருவிரல் உள்ளுக்கதான் இரிக்கும்.”

அங்கே மேற்பார்வை செய்கிறவர் அழகரத்தினம் என்ற ஒருவர். காலையில் வந்ததும் வரிசையாக நிற்கும் பெண்களை ‘கா’ என்று விளித்துக் கேட்பாராம்: “ஆருக்குக் கா குளிருது?” குளிருது என்று சொன்னவளுக்கு அன்றைக்குப் பெட்டி இல்லை. வெளியே நின்று கூடை கழுவலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். நடுங்கும் கை நண்டை நழுவவிடும் என்பது அவர் கணக்கு.

“பதினொரு வருசம் டொக்டர். ஒரு நாளும் நான் குளிருது எண்டு சொன்னதில்ல. காய்ச்சலோட நிண்டும் சொல்லல்ல. அந்தாள் என்னப் பாத்து, ‘இவள் கேதீஸ்வரிக்கு ஐசும் குளிராது’ எண்டு மத்தவளுகளுக்குச் சொல்லும்.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியத்தை நான் ஏன் அன்றே பயத்தோடு கேட்கவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

படிவத்தில் முந்தைய பிரசவம் என்ற இடத்துக்கு வந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்பு முதல் பிள்ளை. திடீரென்று இரத்தம் போக, அவசரமாகச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டு போய் முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தது. கேதீஸ்வரிக்கு நினைவு திரும்பியபோது பின்னேரம் ஆகிவிட்டது. பிள்ளையை வீட்டார் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். தாய் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்களாம்.

“பொம்புளப் புள்ளயாம். என்ர மூக்காம். முடி நிறைய இருந்ததாம்” என்றார். “எல்லாம் ஆம் ஆம் எண்டு ஆக்கள் சொன்னதுதான். என்ர கண்ணுக்கு ஒண்டும் இல்ல டொக்டர்.”

நான் பேனாவை மூடித் திறந்தேன்.

“எந்த மருந்தெண்டாலும் போடுங்க. எதில எழுதச் சொல்றீங்களோ அதில எழுதுறன். ஆனா என்ன நித்திரையாக்கப்படாது. இந்தப் புள்ள வரக்குள்ள நான் முழிச்சிருக்கணும்.”

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். உண்மையைச் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன்: “பயப்படாதீங்க. இந்த மருந்தில விறைக்காட்டி மட்டுந்தான் முழு மயக்கம்.”

அவர் “விறைக்காட்டி மட்டும்” என்று மெல்லத் தனக்குத்தானே சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்தை எழுதும்போது பெருவிரல் மறுபடியும் உள்ளே போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை ரதீஸ் தியேட்டர் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கணவர்மாருக்கு உள்ளே இடமில்லை. கேதீஸ்வரியை மேசையில் உட்காரவைத்து, முன்னால் குனியச் செய்து, டொக்டர் றுமைஸா முதுகில் குழாயைச் செலுத்தினார். ஒரே முயற்சியில் போயிற்று. ஒட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, வலது இடுப்புக்குக் கீழே சிறு தலையணை ஒன்றை வைத்தோம். சோதனைக்கு ஒரு துளி. பிறகு இருபத்திரண்டாம் இலக்க ஊசிக்குழலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக. நான் நேரக்கடிகாரத்தை அழுத்தினேன்.

விறைப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் இருந்தது ஐஸ்தான். தெளித்துப் பார்க்கும் குளிர்மருந்து கிடைக்காமல் போன பிறகு, றப்பர் கையுறையின் விரலுக்குள் தண்ணீர் விட்டு உறையவைத்து எடுத்துக்கொள்கிறோம். அதை முதலில் தோளில் வைப்போம், அது எப்படியும் குளிரும். பிறகு தொடையில், வயிற்றில், விலாவில், மார்பு மட்டத்தில், இரண்டு பக்கமும். மார்பு மட்டம்வரை குளிர் தெரியாவிட்டால் வெட்டலாம்.

அந்த நீலக் கையுறை விரலைக் கண்டதும் கேதீஸ்வரி சிரித்துவிட்டார். “இதுவா? நான் பெரிய மெசின் கொண்டு வருவீங்க எண்டெல்லோ இருந்தன்.”

ஐந்து நிமிடம். தோளில் வைத்தேன்.

“குளிருதா?”

“கொஞ்சம்.”

இடப்பக்க வயிறு. “இஞ்ச?”

“இல்ல.”

வலப்பக்கம். “இஞ்ச?”

“இல்ல.”

பத்து நிமிடத்தில் இடுப்பிலும் இல்லை, விலாவிலும் இல்லை. காலைத் தூக்கச் சொன்னேன். “ஏலா டொக்டர். ரெண்டும் மரக்கட்ட மாதிரிக் கிடக்கு” என்றார். பதினைந்தாவது நிமிடம் மார்பு மட்டம், இரண்டு பக்கமும் இல்லை. எழுதினேன். இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் ஏறியதில்லை. நல்ல மருந்து எது என்பது தெரியப்போகிறது என்றுகூட எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

சத்திரசிகிச்சை வைத்தியர் கை கழுவி வந்துவிட்டார். வயிற்றைச் சுத்தம் செய்து பச்சைத் துணிகளை விரித்தார்கள். கழுத்துக்கு நேரே திரை எழுந்தது. கேதீஸ்வரியின் இரண்டு கைகளும் சிலுவைபோல் பக்கப் பலகைகளில் நீட்டிக் கிடந்தன. வலக்கை என் பக்கம். கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொன்னார் டொக்டர் றுமைஸா. துணியின் ஓரத்தால் கையை விட்டு ஐசை இடது விலாவில் வைத்தேன்.

“இல்ல.”

வலது விலாவில் வைத்தேன்.

“இல்ல.”

அந்த ‘இல்ல’ ஒரு கணம் முந்தி வந்தது. ஐஸ் தோலைத் தொட்டதும் தொடாததுமாக. என் பார்வை தற்செயலாகத்தான் பலகைமேல் கிடந்த கையில் விழுந்தது. விரிந்து கிடந்த பெருவிரல் மெதுவாக உள்ளே மடிந்து, மற்ற நான்கு விரல்களும் அதை மூடிக்கொண்டன.

மறுபடியும் இடப்பக்கம் வைத்தேன். கை திறந்தது. வலப்பக்கம் வைத்தேன். மூடியது.

ஆருக்குக் கா குளிருது என்று யாரோ கேட்பதுபோலவும், பதினொரு வருடப் பழக்கத்தில் வரிசையில் நின்ற ஒரு பெண் இல்லை என்று சொல்வதுபோலவும் இருந்தது. விறைக்காட்டி மட்டும் என்று நான் வார்டில் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தப் பொய்யை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

மேசையின் மறுமுனைக்குப் போய்த் துணிக்குக் கீழே கையை விட்டு இரண்டு பாதங்களையும் பிடித்தேன். விறைத்த காலுக்கு இரத்தம் தாராளமாக இறங்கும், அது சூடாகும். இடது பாதம் வெயிலில் கிடந்த கல்லைப்போல் சுட்டது. வலது பாதம் விடியற்காலையில் வாவித் தண்ணீருக்குள் இருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. குழாயின் நுனி உள்ளே ஒரு பக்கமாக விலகிப் போயிருக்க வேண்டும். மருந்தில் பிழையில்லை; பாதி உடம்புக்கு மட்டும் போயிருக்கிறது.

நான் நிமிர்ந்தபோது சத்திரசிகிச்சை வைத்தியர் பல் வைத்த இடுக்கியால் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை, நன்றாக. திரைக்கு இந்தப் பக்கம் கேதீஸ்வரி கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தார். கண்ணின் ஓரத்தில் தண்ணீர் நின்றது. மூடிய கையின் விரல்மூட்டுகள் வெள்ளையாகிவிட்டன.

“நல்லா விறைச்சிருக்கு. தொடங்கலாமா?” என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர்.

“மேடம்” என்று டொக்டர் றுமைஸாவைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அறையில் ஏதோ ஒரு கருவி விடாமல் கூவிக்கொண்டிருந்தது. தாதி கத்தியை எடுத்து வைத்தியரின் கையில் வைத்தார்.

“மேடம், வெட்ட வேணாம்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு மாதத்தில் அந்த அறையில் நான் உரத்துப் பேசிய முதல் வார்த்தை அது. சத்திரசிகிச்சை வைத்தியரின் கத்தி அந்தரத்தில் நின்றது.

“என்னப்பா?” என்றார் டொக்டர் றுமைஸா.

“வலப்பக்கம் விறைக்கல்ல, மேடம்.”

அவர் குனிந்து கேதீஸ்வரியின் காதருகே கேட்டார். “உண்மையச் சொல்லுங்க. நோவுதா?”

“இல்ல மேடம். அவர் சும்மா சொல்றார். வெட்டச் சொல்லுங்க.”

“பெருவிரல மடக்கிறாங்க மேடம்” என்றேன். “வலப்பக்கம் ஐஸ் வைக்கக்குள்ள மட்டும். கால் ஒண்டு சூடு, ஒண்டு குளிர்.”

கேதீஸ்வரி தலையைத் திருப்பித் தன் கையைப் பார்த்தார். கூட வேலை செய்கிறவள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பதுபோல ஒரு பார்வை. பிறகு உடம்பு முழுவதும் நடுங்கத் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்; டொக்டர் என்ற வார்த்தை மறந்துபோய்விட்டது.

“தம்பி, நித்திரையாக்கிப் போடாதீங்க. கால்ல விழுறன். நான் தாங்குவன் தம்பி, சத்தம் போடமாட்டன். நான் எழும்பக்குள்ள புள்ள இரிக்காது.”

சத்திரசிகிச்சை வைத்தியர் கத்தியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. அந்தத் தோல் பிளந்திருந்தால் கேதீஸ்வரி சத்தம் போட்டிருக்கவே மாட்டார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“ஆரு சொன்ன நித்திரையாக்கிறெண்டு?” டொக்டர் றுமைஸா அதட்டினார். “குழாய் இரிக்கு. வேற மருந்து இரிக்கு. புள்ளேட நெஞ்சு குதிர மாதிரி ஓடுது. எங்களுக்கு என்ன அவசரம்? இவர் வேணுமெண்டா போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டும்.”

“நான் இஞ்சயே நிக்கிறன்” என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். அவர் குரலும் இறங்கியிருந்தது.

துணிகளை எல்லாம் எடுத்தார்கள். டொக்டர் றுமைஸா குழாயைச் சற்றே வெளியே இழுத்தார். “வலப்பக்கம் கிறுகிப் படுங்க.” மருந்து பள்ளம் பார்த்து இறங்கட்டும் என்று அவரை அந்தப் பக்கம் திருப்பினார். ஆய்வு மருந்தை நிறுத்தி, விரைவாகப் பிடிக்கும் லிக்னொக்கேனை மெல்ல ஏற்றினார். இருபத்திரண்டாம் இலக்கம் எங்கள் ஒப்பீட்டில் இருந்து அத்தோடு வெளியே போயிற்று. அதை யாரும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

“இப்ப கேக்கிறன்” என்றார் டொக்டர் றுமைஸா. “நீங்க குளிருது எண்டு எத்தின தரம் சொன்னாலும் நான் நித்திரையாக்கமாட்டன். இன்னும் மருந்து விடுவன். குளிரல்ல எண்டு பொய் சொன்னீங்க எண்டாத்தான் கரச்சல். விளங்கிச்சா?”

ஐசை வைத்தேன். கேதீஸ்வரியின் உதடுகள் அந்தச் சொல்லைத் தேடுவதுபோல் இருந்தன.

“குளிருது” என்றார். வரிசையில் இருந்து யாராவது விரட்டுவார்களா என்று பார்ப்பவர்போல் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

“கெட்டிக்காரி” என்றார் டொக்டர் றுமைஸா.

ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மறுபடியும் “குளிருது.” அதன்பிறகு “குளிருது, ஆனா அப்ப மாதிரி இல்ல.” நான் ஒரு கையால் அவருடைய வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அது மெல்லச் சூடேறியது. பதினெட்டாவது நிமிடம் ஐஸ் வைத்தபோது பெருவிரல் விரிந்தே கிடந்தது. “தொடுறீங்க எண்டு தெரியுது. குளிர் இல்ல. சத்தியமா இல்ல.”

மறுபடி சுத்தம் செய்து, மறுபடி துணி விரித்து, மறுபடி கிள்ளிப் பார்த்து வெட்டினார்கள். நான் திரைக்குப் பக்கத்தில், அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். விரல் மடியவில்லை. பிள்ளையை எடுத்தபோது முதலில் சத்தம் இல்லை. அந்த ஐந்தாறு நொடியில் கேதீஸ்வரி மூச்சுவிடவே இல்லை என்று நினைக்கிறேன். பிறகு ஒரு கிறீச்சிடல். அதன்பின் நிறுத்தமில்லாத அழுகை. பெண் பிள்ளை.

துடைத்துச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கன்னத்தோடு வைத்தார்கள். அவர் அழவில்லை. மிக உன்னிப்பாகப் பார்த்தார், கால் முறிந்திருக்கிறதா என்று நண்டைப் பார்ப்பதுபோல. “மூக்கு என்ர இல்ல, அவர்ர” என்றார். “முடி இரிக்கு. நான் பாத்திட்டன்.”

தைத்து முடிக்கும்வரை பிள்ளையை அங்கேயே வைத்திருந்தோம். அவருடைய வலக்கை பலகையில் விரிந்து கிடந்தது, கடைசிவரை.

மறுநாள் வார்டுக்குப் போனேன். ஒப்பீட்டில் இல்லாவிட்டாலும் படிவத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்ப வேண்டும். பிள்ளை ஜன்னல் வெளிச்சத்தில் தூங்கியது. ரதீஸ் சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

“ஒரு கேள்விதான். வெட்டக்குள்ள, தைக்கக்குள்ள, நோ இருந்ததா? இல்லையெண்டா பூச்சியம், தாங்க ஏலாத நோவெண்டாப் பத்து.”

“உண்மையச் சொல்லவா?”

“உண்மையத்தான்.”

“கடசியா உள்ளுக்க இழுத்துத் தைக்கக்குள்ள இருந்திச்சு. நல்லாவே இருந்திச்சு.”

என் பேனா நின்றுவிட்டது. “சொல்லியிருக்கலாமே! மேடம் இன்னும் மருந்து விட்டிருப்பாங்களே.”

“விட்டிருப்பாங்க. அதுக்கும் மசியாட்டி? புள்ள பக்கத்தில கிடக்கக்குள்ள நான் என்னெண்டு நித்திரையாகிற?”

“ஆனா நான் உங்கட பெருவிரலப் பாத்துக்கொண்டுதான் நிண்டன். மடிக்கவே இல்லையே.”

கேதீஸ்வரி சிரித்தார். “நீங்க அதத்தான் பாக்குறீங்க எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டீங்களே தம்பி. அதான் விரிச்சே வச்சிருந்தன்.” கீழுதட்டை விரலால் மடித்துக் காட்டினார். உட்பக்கத்தில் நான்கு பற்களின் அடையாளம் கறுத்துக் கன்றியிருந்தது.

“எத்தின போடட்டும்?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆறு.”

எழுதினேன். வார்டைவிட்டு வெளியே வந்து, மற்றப் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருபத்தொரு பெண்கள். நோவின் அளவை எழுதும் கட்டத்தில் இருபத்தொன்றிலும் பூச்சியம். எல்லாம் என் கையெழுத்து.